பெண்கள் குழுவை மூடும் அறிவிப்பை நானே எழுத வேண்டுமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். என் வயது 37, சொந்த ஊர் கோவில்பட்டி. டல்லாஸ் பக்கத்தில் ஒரு மருத்துவ மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். ஆறு பேர் கொண்ட அணிக்கு லீட். ராணுவ முன்னாள் வீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளும் எங்கள் வாடிக்கையாளர்கள். அலுவலகத்தில் பெண் பொறியாளர்களுக்கென்று ஓர் ஊழியர் குழு உண்டு. நான்கு ஆண்டுகளாக அதை நடத்துபவள் நான். வியாழக்கிழமைதோறும் மதிய உணவு நேரத்தில் கூடுவோம்.

இரண்டு வாரங்களுக்கு முன் மனிதவளத் துறையினர் என்னை அழைத்தார்கள். பெண்கள், சிறுபான்மையினர் போன்றோருக்கு வாய்ப்பளிக்கும் பன்முகத்தன்மைத் திட்டங்கள் எல்லாம் நிறுத்தப்படுகின்றன, உங்கள் குழுவும் மாத இறுதியோடு முடிகிறது என்றார்கள். அந்த அறிவிப்பை என் பெயரிலேயே எழுதி அனுப்ப வேண்டுமாம். "எங்கள் பணி நிறைவடைந்தது" என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறார்கள். சக ஊழியர்கள் தலைமை அதிகாரிக்குக் கூட்டு மனு தயாரிக்கிறார்கள், முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது இந்த வம்பு எதற்கு என்கிறார் என் கணவர். தமிழ் நண்பர் ஒருவர், "போனதே நல்லது, நாமெல்லாம் திறமையால் வந்தவர்கள்" என்றார். அவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து அழுதேன்.

இன்னொன்றும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர், தன் ஊரையும் சாதியையும் துருவித் துருவிக் கேட்கும் மூத்தவர் ஒருவரைப் பற்றி என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். குழு போய்விட்டால் அவர் யாரிடம் போவார்?

பெயர் வெளியிட வேண்டாம், டெக்சாஸ்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கண் ஒரே இடத்தில் நின்றது. "எங்கள் பணி நிறைவடைந்தது" என்ற வாக்கியத்தை உங்கள் பெயரில் எழுதாதீர்கள். நிறைவடையவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எழுதச் சொன்னவர்களுக்கும் தெரியும். மனசாட்சியின் பேச்சை விடுங்கள், வழக்கறிஞராகவும் அதையேதான் சொல்கிறேன். நாளை உங்களுக்கோ உங்கள் உறுப்பினர் ஒருவருக்கோ சம்பளத்திலோ பதவி உயர்விலோ அநீதி நடந்து அது வழக்காக வளர்ந்தால், எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும் முதல் காகிதம் அதுவாக இருக்கும். பெண் பொறியாளர்களுக்குக் குறை ஏதும் இல்லை என்று அவர்கள் தலைவியே எழுதியிருக்கிறார் பாருங்கள் என்பார்கள். அப்படிப்பட்ட கடிதம் ஒன்று விசாரணையில் வாசிக்கப்பட்டபோது, அதை எழுதியவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த அம்மாளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

மறுப்பை நேரில் சொல்வதோடு விடாமல் மின்னஞ்சலிலும் எழுதுங்கள், பணிவாக எழுதுங்கள். இது நிறுவனம் எடுத்த முடிவு, அறிவிப்பும் நிறுவனத்தின் பெயரில் வருவதே பொருத்தம், உறுப்பினர்களுக்கு நன்றி சொல்லி நான் தனியே எழுதுகிறேன் என்று மூன்று வரி போதும். ஒன்றை மறைக்க விரும்பவில்லை. காரணம் சொல்லாமலே ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாம் என்பதுதான் டெக்சாஸின் பொது விதி. அறிவிப்பு எழுத மறுக்கும் உரிமை என்று சட்டத்தில் தனியாக எதுவும் கிடையாது. அவர்கள் பிடிவாதம் பிடித்தால் எழுதிக் கொடுங்கள். ஆனால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: குழுவுக்கு நிறுவனம் தந்த அங்கீகாரம் இன்ன தேதியோடு முடிகிறது, முடிவெடுத்தது நிறுவனம். "நாங்கள் தீர்மானித்தோம்" என்ற சொல் அதில் இருக்கக் கூடாது.

உங்கள் நிறுவனம் ஏன் இப்படிச் செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், அவர்களோடு எதைப் பேசலாம், எதைப் பேசிப் பயனில்லை என்பது விளங்கும். 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. தீர்ப்பு கல்லூரிகளைப் பற்றியது, அலுவலகங்களைப் பற்றியது அல்ல. ஆனாலும் அடுத்து வழக்கு நம் வாசலுக்கு வரும் என்ற எண்ணம் நிறுவனங்களுக்குள் புகுந்துவிட்டது. 2024 ஜூனில் டிராக்டர் சப்ளை என்ற கடை நிறுவனம், ஜூலையில் ஜான் டீர், ஆகஸ்டில் ஹார்லி டேவிட்சன், லோஸ், ஃபோர்டு, நவம்பரில் வால்மார்ட் என்று வரிசையாகப் பின்வாங்கின. 2025 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ், மெட்டா, டார்கெட் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. அதிபர் மாறியதால் மட்டும் வந்த மாற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். தேதிகளைப் பார்த்தால் அதற்கு முன்பே மூட்டை கட்டத் தொடங்கியவை பல.

உங்கள் நிறுவனத்தைப் பொறுத்தவரை முக்கியமான நாள் 2025 ஜனவரி 21. அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, மத்திய அரசோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனங்கள் "சட்டவிரோதமான" பன்முகத்தன்மைத் திட்டம் எதையும் நடத்தவில்லை என்று உறுதிமொழி தர வேண்டும் என்கிறது. உறுதிமொழி பொய் என்றால் பொய்க் கோரிக்கைச் சட்டம் பாயும். உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்குக் கெட்ட சரக்கை விற்ற ஒப்பந்தக்காரர்களைப் பிடிக்க 1863இல் வந்த சட்டம் அது. அரசுக்கு ஏற்பட்ட இழப்பைப் போல மூன்று மடங்கு வரை கட்ட வேண்டியிருக்கும். முன்னாள் வீரர் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் தரும் ஒரு நிறுவனம் இதைப் படித்துவிட்டு நடுங்குவதில் வியப்பில்லை. எது சட்டவிரோதம் என்று அந்த ஆணை தெளிவாக வரையறுக்கவும் இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடிவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறார்கள். மனிதவளத் துறையில் உங்களோடு பேசியவர் உங்கள் எதிரி என்று எண்ண வேண்டாம். அவருக்கும் மேலிருந்து வந்த உத்தரவாக இருக்கலாம்.

ஆனால் நன்றாகக் கவனியுங்கள். அந்த ஆணை எந்தச் சட்டத்தையும் நீக்கவில்லை, நீக்கவும் முடியாது. அது ரத்து செய்தது இன்னொரு ஆணையை. அரசு ஒப்பந்தக்காரர்கள் பாகுபாடு இல்லாமல் ஆள் எடுக்க வேண்டும், அதற்கு முயற்சியும் எடுக்க வேண்டும் என்று 1965 செப்டம்பர் 24இல் லிண்டன் ஜான்சன் போட்ட ஆணை அது. ஓர் அதிபரின் ஆணையை இன்னோர் அதிபர் கிழிக்கலாம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைக் கிழிக்க முடியாது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தில் ஏழாம் தலைப்பு அப்படியே இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு ஆகியவற்றை வைத்து ஊழியரைத் தாழ்த்தக் கூடாது. கருவுற்ற பெண்களுக்கு வேலையில் வசதி செய்து தரச் சொல்லும் சட்டம் 2023 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. தாய்ப்பால் எடுத்து வைக்க நேரமும், கழிப்பறை அல்லாத தனியிடமும் தர வேண்டும் என்ற சட்டத்தை 2022 டிசம்பரில் விரிவாக்கினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. உங்கள் குழு வியாழக்கிழமைகளில் பேசிய விஷயங்களில் பாதிக்கு மேல் இந்தச் சட்டங்களுக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன். நிறுவனம் தந்தது நிதியும் அறையும் பெயரும். அவற்றை அது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மற்றவை அது தந்தவையே அல்ல.

மனிதவளத் துறையிடம் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: குழு இருப்பதே பிரச்சினையா, அல்லது பெண்கள் மட்டும் சேரலாம் என்ற விதிதான் பிரச்சினையா? காரணத்தோடுதான் கேட்கச் சொல்கிறேன். 2025 மார்ச்சில், வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் வெளியிட்ட விளக்கம், ஊழியர் குழுக்களில் ஒரு பிரிவினரை மட்டும் சேர்ப்பதும், பயிற்சியை ஒரு பிரிவினருக்கு மட்டும் தருவதும் ஏழாம் தலைப்புக்கு முரணாகலாம் என்கிறது. ஜூனில் ஓஹியோவைச் சேர்ந்த ஏம்ஸ் என்ற பெண்மணியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் பாகுபாட்டு வழக்குப் போட்டால் அவரிடம் கூடுதல் ஆதாரம் கேட்கக் கூடாது என்பது தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி கேதாஞ்சி பிரவுன் ஜாக்சன். எனக்கு இந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை. சட்டம் ஒவ்வொரு தனி மனிதரையும் காக்கிறது என்றுதான் அதன் எழுத்து சொல்கிறது. உங்கள் வழிகாட்டல் திட்டத்தில் ஆண்களுக்கு இடமில்லை என்றால் கதவைத் திறந்து வையுங்கள். எல்லோரும் வரலாம் என்று அறிவித்தாலும் பெண் பொறியாளர்களின் சிக்கலைப் பேச வருகிறவர்கள்தான் வருவார்கள். அதைச் சட்டம் தடுக்கவில்லை.

பெயருக்காகவும் மல்லுக்கு நிற்காதீர்கள். ஜேபி மார்கன் 2025 மார்ச்சில் தன் திட்டத்தின் பெயரில் இருந்த "சமத்துவம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "வாய்ப்பு" என்று போட்டது. சொல் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் உங்கள் பெண்களுக்கு வேண்டியது நேர்முகத் தேர்வில் எல்லோரிடமும் ஒரே கேள்வி, பதவி உயர்வுக்கு எழுதி வைத்த அளவுகோல், பிரசவ விடுப்பு முடிந்து வருபவரின் பழைய வேலை பறிபோகாமை. இவை எந்தப் பெயரில் வந்தால் என்ன?

எல்லோரும் ஓடவும் இல்லை. டிரம்பின் ஆணைக்கு இரண்டு நாள் கழித்து காஸ்ட்கோ பங்குதாரர்கள், நிறுவனத்தின் பன்முகத்தன்மைத் திட்டங்களைச் சந்தேகித்து வந்த தீர்மானத்தை 98 சதவீதத்துக்கு மேல் எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள். அடுத்த மாதம் ஆப்பிளிலும் இதே போன்ற தீர்மானம் 97 சதவீத எதிர்ப்பில் விழுந்தது. உங்கள் நிறுவனம் பங்குச் சந்தையில் உள்ளது என்றால், ஊழியர் பங்குத் திட்டத்தில் வாங்கிய பங்குகள் உங்களிடம் இருக்கும். அவற்றுக்கு ஓட்டு உண்டு. ஆண்டுக் கூட்டத்துக்கு முன் வரும் வாக்குச்சீட்டு மின்னஞ்சலைப் பலரும் திறப்பதே இல்லை. டார்கெட் விஷயத்தில் வாடிக்கையாளர்களே பேசினார்கள். 2025 மார்ச்சில் அட்லாண்டாவைச் சேர்ந்த போதகர் ஜமால் பிரையன்ட், தவக்காலத்து 40 நாளும் அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று அழைத்தார். கறுப்பினத் திருச்சபைகள் பல அதில் இறங்கின.

இனி மனுவுக்கு வருவோம். உங்களுக்குத் தூக்கம் போனது இதனால்தான் என்று தோன்றுகிறது.

தொழிற்சங்கம் இல்லாத இடத்திலும், ஊழியர்கள் ஒன்றுகூடித் தங்கள் வேலை நிலைமை பற்றிப் பேசுவதையும் கேட்பதையும் 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் காக்கிறது. அதன் ஏழாவது பிரிவு குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல, எச்-1பியில் இருப்பவருக்கும் உரியது. சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் அதில் அடங்கும். ஆனால் "மேற்பார்வையாளர்" என்று சட்டம் சொல்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் லீட் என்று எழுதியிருக்கிறீர்கள். பதவியின் பெயரைச் சட்டம் பார்க்காது. ஆளை எடுக்க, நீக்க, தண்டிக்க, பதவி உயர்த்த, அல்லது சொந்த முடிவில் வேலையைப் பகிர்ந்து கொடுக்க உங்களுக்கு உண்மையான அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்கும். மதிப்பீட்டுக்கு நாலு வரி எழுதிக் கொடுப்பதோடு நின்றால் பெரும்பாலும் நீங்கள் ஊழியர்தான். உங்கள் சொல்லைக் கேட்டே ஆள் எடுக்கிறார்கள், நீக்குகிறார்கள் என்றால் நிலைமை வேறு. கையெழுத்திடும் முன் ஒரு டெக்சாஸ் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நான் இலினாய்ஸில் தொழில் செய்பவள். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது தவறு.

மனுவில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் பாதுகாப்பு மாறும். பன்முகத்தன்மைத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள், நம் விழுமியங்களைக் கைவிடாதீர்கள் என்று மட்டும் எழுதினால் நெஞ்சுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் சட்டத்தின் முன் வலுவிழந்து நிற்கும். ஏழாம் தலைப்பின் கீழ்ப் பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்றால், நீங்கள் எதிர்ப்பது சட்டவிரோதமான பாகுபாடு என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும். ஒரு திட்டத்தை நிறுத்தியது அதனாலேயே பாகுபாடு ஆகிவிடாது. ஆகவே குறிப்பாக எழுதுங்கள். பிரசவ விடுப்பிலிருந்து திரும்பிய எத்தனை பேர் அணி மாற்றப்பட்டார்கள்? பாலெடுக்கும் அறை கூட்ட அறையாக மாறியதா? ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்பதைச் சரிபார்க்கும் தணிக்கை தொடருமா? புகார் கொடுக்க இனி யாரிடம் போக வேண்டும்? இவை வேலை நிலைமை பற்றிய கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்ல மறுக்கும் நிறுவனத்தைவிட, பதில் சொல்லும் நிறுவனத்துக்குத்தான் அதன் வழக்கறிஞர்கள் கைகொடுப்பார்கள்.

முதல் கையெழுத்து வேண்டாம். உங்கள் கணவர் சொல்வதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள், அவர் நாள்காட்டியைப் பார்த்துப் பேசுகிறார். வேலை போனால் எச்-1பிக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள். நாட்டில் தங்கும் காலத்தைக் குறிக்கும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அதுவே கடைசி நாள். பழிவாங்கல் வழக்கு முடியவோ ஆண்டுகள் ஆகும். சட்டம் உங்கள் பக்கம் நின்றாலும் அது வந்து சேர்வதற்குள் நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள். அதற்காக ஒதுங்கிவிடவும் சொல்லவில்லை. முப்பது பேர் போடும் கையெழுத்தில் பதினெட்டாவது கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். முதல் வரியில் கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் நிற்கட்டும். உங்களை முன்னால் தள்ளும் நண்பர்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். நல்ல நண்பர்கள் என்றால் அவர்களே முன்னால் வருவார்கள்.

அதே மூச்சில் ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். எச்-1பி பொதுவாக ஆறு ஆண்டுதான். நீங்கள் ஒன்பதாம் ஆண்டில் இருப்பதால் உங்கள் கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு பெரும்பாலும் ஒப்புதல் பெற்றிருக்கும். ஒப்புதல் கிடைத்து 180 நாள் கடந்திருந்தால், நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் வரிசையில் உங்கள் இடம் போகாது. புதிய நிறுவனம் அந்தத் தேதியை வைத்தே மேலே போகலாம், எச்-1பியையும் நீட்டிக்கலாம். ஒப்புதல் கடிதத்தின் நகல் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் நிறுவனத்தோடு உறவு சுமுகமாக இருக்கும் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கடன் வாங்கவோ வேறு எதற்கோ என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்பது சாதாரணமானது.

உங்கள் தமிழ் நண்பரின் பேச்சுக்கு வருகிறேன். அவர் திறமைசாலி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஹார்வர்டு வழக்கே ஆசிய மாணவர்களுக்கு அநீதி நடந்தது என்ற குற்றச்சாட்டில் தொடங்கியது. நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைத்து எடைபோடுகிறார்கள் என்ற ஆதங்கம் பல தமிழ் வீடுகளில் உண்டு, அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். 1946க்குப் பிறகு இந்தியா முழுவதற்கும் அமெரிக்கா கொடுத்த குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். அந்த இருபது ஆண்டுகளில் கோவில்பட்டியிலும் கும்பகோணத்திலும் திறமைசாலிகளே பிறக்கவில்லையா? பிறந்தார்கள். கதவு மூடியிருந்தது. அதைத் திறந்த குடியேற்றச் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 அக்டோபர் 3ஆம் தேதி, சுதந்திர தேவி சிலையின் அடியில். நான் மேலே சொன்ன, இப்போது ரத்தான ஆணையில் அதே கை கையெழுத்திட்டது அதற்கு ஒன்பது நாள் முன்பு. அந்த ஆண்டு மார்ச்சில்தான் அலபாமா மாநிலத்துச் செல்மாவில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்கள் பாலத்தின் மேல் தடியடி வாங்கினார்கள். ஒரே போராட்டம் பெற்ற இரண்டு பிள்ளைகள் அவை. ஒன்றின் மேல் ஏறி இந்த நாட்டுக்கு வந்த நாம், மற்றொன்றைப் பார்த்து இது யாருடைய பிள்ளை என்று கேட்கக் கூடாது. எனக்கு இது சட்டக் கருத்து மட்டுமல்ல.

அவர் நலன் கருதியே இன்னொன்றையும் சொல்லுங்கள். 2025 பிப்ரவரியில் அதே வேலைவாய்ப்பு ஆணையத்தின் தலைமை, விசா ஊழியர்களை விரும்பி எடுத்து அமெரிக்கர்களை ஒதுக்கும் நிறுவனங்களைக் கண்காணிக்கப் போவதாக அறிவித்தது. உண்மையான பாகுபாடு நடந்திருந்தால் தண்டிக்கட்டும். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். அவருடைய உச்சரிப்பை ஒருவர் கேலி செய்து பதவி உயர்வைத் தடுத்தால், அவர் ஓடிவந்து கேட்கப்போவதும் ஏழாம் தலைப்பில் உள்ள "பிறந்த நாடு" என்ற சொல்லைத்தான்.

அந்த இளைஞரைப் பற்றி நீங்கள் எழுதிய மூன்று வரிக்காக உங்களை மதிக்கிறேன். சங்கங்களில் பொங்கல் வைக்கும் நாம் இதைப் பேசத் தயங்குகிறோம். ஏழாம் தலைப்பின் பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை. அதற்காக வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1866ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த, 1981 என்ற எண்ணுள்ள பிரிவு வம்சாவளியை வைத்துப் பாகுபடுத்துவதையும் தடுக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1987இல் சொல்லியிருக்கிறது. சாதி என்பது வம்சாவளி அல்லாமல் வேறென்ன? தலித் பொறியாளர் ஒருவருக்காக கலிபோர்னியா அரசு 2020இல் சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. சிஸ்கோ குற்றச்சாட்டை மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான பகுதியை அரசே 2023இல் கைவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை போட்டது. அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் நியூசம், அங்கே வந்த மசோதாவை, ஏற்கெனவே உள்ள சட்டங்களே போதும் என்று திருப்பி அனுப்பினார். 2022இல் கூகுளில் தமிழரான தலித் உரிமைச் செயல்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராசன் சாதி பற்றிப் பேசவிருந்த நிகழ்ச்சி ரத்தானது. அதை ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டு விலகினார். திட்டங்களெல்லாம் கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே நிலைமை இதுதான்.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நிறுவனத்தின் நடத்தை விதிகளில் "சாதி" அல்லது "வம்சாவளி" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆப்பிள் போன்ற சில நிறுவனங்கள் அதைச் சேர்த்திருக்கின்றன. பன்முகத்தன்மைப் பக்கங்களை அழிக்கும் வேகத்தில் இதையும் சேர்த்து அழித்துவிடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தத் தம்பியிடம் நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் என்று தன் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் உங்களை நம்பிச் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் நீங்கள் யாரிடமும் எடுத்துப் போகாதீர்கள். உங்களுக்கு ஆட்களை நடத்தும் அதிகாரம் உண்டு என்றால், கேள்விப்பட்டதைத் தெரிவிக்க வேண்டும் என்று நிறுவன விதி சொல்லலாம். அதையும் படித்துப் பார்த்து அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நோட்டு என்றேன், காரணம் உண்டு. கோபத்தில் பலர் செய்யும் தவறு, அலுவலகக் கோப்புகளையும் மின்னஞ்சல்களையும் தங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்வது. நாஷ்வில்லில் ஒரு நாளிதழ் நிறுவனத்தில் வேலை பார்த்த மெக்கென்னன் என்ற பெண்மணி, தற்காப்புக்காக ரகசியக் காகிதங்களை நகலெடுத்து வைத்திருந்தார். 1995இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கு செல்லும் என்றது. ஆனால் அந்த நகலெடுப்பு தெரியவந்ததால் திரும்ப வேலை கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. உங்கள் நினைவிலிருந்து உங்கள் கைப்பட எழுதுவது உங்களுடையது. நிறுவனத்தின் கோப்பு உங்களுடையது அல்ல. புகார் கொடுக்க வேண்டி வந்தால் 180 நாளைக் கடைசி நாளாக மனத்தில் வையுங்கள். மத்திய ஆணையத்திடம் டெக்சாஸில் 300 நாள் வரை நேரமுண்டு என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். மாநில ஆணையத்துக்குப் பொதுவாக 180தான். நீண்ட தேதியை நம்பிக் காத்திருந்து வாசலில் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, வியாழக்கிழமைக் கூட்டம். இந்த மாதிரி ஊழியர் குழுக்களின் தொடக்கம் எங்கே என்று தேடினால் 1970இல் ஜெராக்ஸ் நிறுவனத்துக் கறுப்பின ஊழியர்கள் அமைத்த குழுவுக்குப் போய்ச் சேருவோம். மனிதவளத் துறைக்குள் இப்படி ஒரு பிரிவு வருவதற்கு முன்பே ஊழியர்கள் கூடிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் மதிய உணவை யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்பதற்கு அங்கீகாரம் தேவையில்லை. அலுவலக அறையும் அலுவலக மின்னஞ்சல் பட்டியலும் வேண்டாம், பட்டியலை எடுத்துச் செல்லவும் கூடாது. மாத இறுதிக்கு முன் நடக்கும் கடைசிக் கூட்டத்தில் ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வையுங்கள். தொடர விரும்புகிறவர்கள், ஆண்களும் சேர்த்துத்தான், தங்கள் சொந்த எண்ணைத் தாங்களே எழுதிவிட்டுப் போகட்டும். அடுத்த வியாழக்கிழமை எந்த உணவகம் என்று அன்றே முடிவு செய்துவிடுங்கள்.